மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் கட்டி

நியூ ஜெர்சியில் நான் படித்த ஆய்வகத்தின் பொறுப்பாளர் தமிழர். ஒல்லியானவர், நரைத்த மீசை. எதையும் பேசுமுன் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். நாங்கள் இருவரும் குடியிருந்த பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து தினமும் தன் காரில்தான் என்னை அழைத்துப் போவார். “சீட் பெல்ட் போட்டியா?” என்று கேட்காமல் வண்டியை எடுக்கமாட்டார்.

என் ஆராய்ச்சிக்காக நான்கு மாதம் தேய்த்து மெருகேற்றிய நாற்பது பிளாஸ்டிக் வில்லைகளில் கிருமி நீக்க வேண்டியிருந்தது. ஊரில், எங்கள் கல்லூரியில் எல்லாமே கண்ணாடி. நீராவியில் வேகவைத்தே பழக்கம். இங்கும் அப்படியே ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலத்துக்குள் அடுக்கினேன். அவர் பக்கத்தில் நின்று விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். கனமான அந்தக் கதவை அவரே இறுக்கி மூடிக் கொடுத்தார்.

திறந்தபோது தட்டில் ஒரே ஒரு கட்டி கிடந்தது.

“உருகும்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியுமே.”

“அப்புறம் ஏன் சார் சொல்லல?”

“நீ கேக்கலையே. ஆல்கஹால்ல ஊறப்போடுன்னு சொல்லியிருந்தா நாளைக்கே மறந்திருப்ப. இனிமே மறப்பியா?”

அந்தக் கட்டியைச் சுரண்டி எடுத்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். புது மாணவர்கள் வந்தால், என்னையும் பக்கத்தில் நிறுத்தி, “இந்த சாரோட நாலு மாச ரிசர்ச்” என்று காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள்.

படிப்பு முடிந்து கிளம்பும் நாளில் அந்தக் கட்டியை எனக்குத் தரும்படி கேட்டேன். விரல்களைத் துடைத்தார்.

“உனக்கெதுக்கு? நீதான் மறக்கமாட்டியே.”

சொல்லாமல் இருந்ததை மன்னித்துவிட்டேன். கதவை ஏன் மூடிக் கொடுத்தார்?