பதினொரு பொட்டலங்கள்

மலேசியாவில், சுங்கைப் பட்டாணி நகரில், ஒரு பாலர் பள்ளியில் பதினான்கு வருடம் வேலை செய்தேன். கடைவீட்டு மாடியில், ஏர்கோன் போட்டுக் குளிர்ந்த அறையில், பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து புள்ளிகளின் மேல் எழுத்து வரைவார்கள். வெளியே மழை வந்தால் எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பும். நான் எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்து மூடுவேன். அந்தத் திரையை இழுத்து இழுத்துத்தான் எனக்கு அந்த வேலை வெறுத்துப்போனது என்று நினைக்கிறேன்.

வேலையை விட்டுவிட்டு, மெர்போக்கில் எங்கள் மாதா கோயிலுக்கு வரும் ஒரு குடும்பத்தின் பழைய ரப்பர் பால்மரக் காட்டை வாடகைக்கு எடுத்தேன். பால் வெட்டுவதை நிறுத்திவிட்ட மரங்கள், முழங்கால்கூட நனையாத ஓர் ஓடை, மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கொட்டகை. அவ்வளவுதான் பள்ளி. பிள்ளைகள் பூட்ஸ் போட்டுக்கொண்டு மரம் ஏறினார்கள், சேற்றில் சமைத்தார்கள். இதற்கென்று நான் போன பயிற்சியில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்: பெரியவர்கள் தள்ளி நின்று பார்க்க வேண்டும், விளையாட்டுக்குள் நுழையக் கூடாது. நான் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து நோட்டில் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பேன்.

பன்னிரண்டு பிள்ளைகளோடு தொடங்கினேன். முதலில் ஓர் இரட்டையர் பள்ளியை விட்டு நின்றார்கள். அட்டை கடித்த இடத்தைக் காட்டி அவர்களின் அம்மா அழுதே விட்டார். பிறகு ஓர் அப்பா வந்தார். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க லா. பையன் அடுத்த வருஷம் ஒண்ணாம் ஆண்டு போறான், இன்னும் பேரு எழுதத் தெரியல. மரம் ஏறத் தெரிஞ்சு என்னா செய்றது?" அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அவர் காரை அணைக்காமலே பேசிக்கொண்டிருந்தார். ஒருவரைப் பார்த்து ஒருவராக எல்லோரும் நின்றார்கள். கடைசியில் ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி மட்டும் மிஞ்சினாள்.

அவளுடைய அம்மா ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். காலை ஏழு மணிக்கு, யாரும் வருவதற்கு முன்பே, மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு ஷிப்டுக்கு ஓடிவிடுவார். மதியம் நானே அவளைக் காரில் அவளுடைய பெரியம்மா வீட்டில் விடுவேன்.

தனியாக இருந்த முதல் நாள், அவள் ஒன்பது மணி வரை பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இனி யாரும் வரமாட்டார்கள் என்று சொன்னேன். அவள் போய்ப் பதினொரு கொட்டாங்கச்சியில் சேற்றை நிரப்பி வரிசையாக வைத்தாள். ஒவ்வொரு பிள்ளையின் பெயராகச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டாள். நான் நோட்டில், 'தனியாக விளையாடுகிறாள்' என்று எழுதினேன். எழுதியதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

அவள் என் முன்னால் வந்து நின்றாள். "டீச்சர், நீங்க யாரு?"

"நான் டீச்சர்தான்."

"அதில்ல. வெளையாட்டுல யாரு?"

நோட்டை மூடிவிட்டு எழுந்தேன். அன்று நான் மீ நூடுல்ஸ் வாங்க வந்த ஆளாக இருந்தேன். மறுநாள் லோரி ஓட்டுநர், அதற்கடுத்த நாள் காய்ச்சல் வந்த குழந்தை. முப்பத்தொன்பது வயதில், சேற்றில் படுத்து, ரப்பர் இலையை மருந்தாக நெற்றியில் வைத்துக்கொண்டேன். பாலிங்கிலிருந்து அக்கா போன் செய்து, "ஒரு பிள்ளைக்கு ஒரு ஸ்கூலா? மூடிட்டு வா லா" என்றார். வருட முடிவு வரைக்கும் பார்க்கிறேன் என்றேன். அவரிடம் சொல்லாதது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், திங்கட்கிழமை காலை வரை நான் பேச ஆளில்லை. அந்தக் காட்டில்தான் ஒருத்தி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மற்றப் பிள்ளைகள் நின்றுவிட்டதை அவளுடைய அம்மாவிடம் நான் சொல்லவில்லை. "மகள் நல்லா வெளையாடுறாளா டீச்சர்?" என்று மோட்டாரை நிறுத்தாமல் கேட்பார். "ரொம்ப நல்லா" என்பேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். வீட்டில் அவள் மற்றப் பிள்ளைகளைப் பற்றிக் கதைகதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஏழு வாரம் இப்படி ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டது. நானும் அவளும் ஓடையில் கல் அடுக்கி அணை கட்டிக்கொண்டிருந்தோம். அவளுடைய அம்மா நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு, ஒரு கையில் கேக் பெட்டியும் மறு கையில் பெரிய பையுமாக நின்றார். அன்று மகளுக்குப் பிறந்தநாள். அரை நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தார். பைக்குள் ரிப்பன் கட்டிய பதினொரு பொட்டலங்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர் எழுதி.

"மத்தப் பிள்ளைங்க எங்க டீச்சர்?"

நான் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தேன். அவள்தான் தண்ணீரில் நின்றபடியே சொன்னாள். "நானும் டீச்சரும்தான்மா. மத்தவங்க எல்லாம் நின்னுட்டாங்க."

"எத்தன நாளா?"

"ஏழு வாரம்," என்றேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையைக் கொட்டகைத் திட்டில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "வீட்டுல இவ ஒத்தப் பிள்ள டீச்சர். நானும் வேலைக்குப் போயிர்றேன். நாலு பிள்ளைங்களோட பழகட்டும்னுதான் இங்க சேர்த்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். பிறகு மெழுகுவத்தி ஏற்றி, மூன்று பேரும் பாட்டுப் பாடினோம். அவள் கேக் வெட்டி எனக்கு முதலில் ஊட்டினாள். 

திங்கட்கிழமை அவர்கள் வரவில்லை. திக்காம் பத்து என்ற இடத்தில் ஒரு பாலர் பள்ளியில் சேர்த்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தார். நான் அந்த வாரம் முழுவதும் காட்டுக்குப் போனேன். கயிறுகளை அவிழ்த்தேன், சட்டி பானைகளைக் கழுவி மூட்டை கட்டினேன். பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கக்கூட அங்கே ஒரு கதவு இல்லை.

இப்போது நான் மறுபடியும் டவுனில் ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன். இருபத்து நான்கு பிள்ளைகள். வெள்ளிக்கிழமைகளில் அரை மணி நேரம் அவர்களைப் பின்பக்கப் புல்தரைக்குக் கூட்டிப்போகத் தலைமையாசிரியை அனுமதித்திருக்கிறார். போன தீபாவளிக்கு அந்த அம்மாவுக்கு வாழ்த்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "நன்றி டீச்சர். மக நல்லா இருக்கா. கூட்டாளிங்க நெறைய பேரு." சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை வாசித்துவிட்டு வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவைத்து, அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை.