பேத்தி கல்யாணமும் எச்.டி.எம்.ஐ. வயரும்

ஒழுகுகிற தகரக் கொட்டகையில் ஒரு சூளை கட்டினேன். முதல் மழைக்கே அது உட்கார்ந்துவிட்டது. அதே இடத்தில் இன்னொன்று கட்டினேன். அச்சு செய்ய எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. உடைந்துபோன பீங்கான் பியூஸ் கட்டை ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து நானே செதுக்கினேன். சைக்கிளில் களிமண் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவன், பிறகு அதே மண்ணை லாரியில் இறக்கினேன். அஞ்சாவதைப் பாதியில் விட்டவருக்கு லோனா என்று பேங்க்கில் ஒருவர் சிரித்தார். அவர் மாற்றலாகிப் போனபோது ரயிலடியில் அவருக்கு மாலை போட்டவன் நான்தான். வீடு கட்டினேன், சூளைச் சுவர் போல அகலமான சுவர் வைத்து. மகனை இன்ஜினியருக்குப் படிக்கவைத்து சிங்கப்பூருக்கு அனுப்பினேன். யார் தயவும் கிடையாது.

இந்த வரிசையில் இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பேத்தியின் கல்யாணத்தைச் சிங்கப்பூரிலிருந்து விருத்தாசலத்தில் என் வீட்டு ஹாலுக்குக் கொண்டுவந்தேன். அது எப்படி என்று எழுதி வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு நெஞ்சில் அடைப்பு எடுத்து அப்போதுதான் தேறியிருந்தேன். இப்போதைக்கு விமானம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க முடியாது, மண்டபம் பேசியாகிவிட்டது. மகன் போனில், லிங்க் அனுப்புகிறேன், செல்லிலேயே பாருங்கள் என்றான். என் பேத்தி கல்யாணத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கவா இவ்வளவு பெரிய வீடு கட்டினேன்? மனைவி போனபிறகு இந்த வீட்டில் நான் இருமினால் மாடியில் கேட்கும். அந்த ஒரு காலையாவது ஹால் நிறைய ஆள் இருக்க வேண்டும், மகன் வாங்கி மாட்டிவிட்டுப் போன பெரிய டிவியில் தாலி ஏறுவதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். தெருவுக்குச் சொன்னேன். பழைய வேலையாட்களுக்குச் சொன்னேன். கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் உறவுக்காரர்களுக்கும் சொன்னேன். தாலி ஏறும் நேரத்தில் படம் அறுந்துபோகக் கூடாது. அந்த ஒரு கவலைதான் எனக்கு.

ஏனென்றால் இன்டர்நெட் பெட்டி வாசல்பக்கம் என் ஆபீஸ் ரூமில் இருக்கிறது. என் சுவரைத் தாண்டி வைஃபை ஹாலுக்கு வருவதில்லை. அதனால் மகன் விட்டுப்போன லேப்டாப்பை ஆபீஸ் ரூமிலேயே வைத்து, அங்கிருந்து டிவிக்கு ஒரே நீளமாக, படம் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. வயர் இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கடைவீதியில் கடைக்காரர் இரண்டு விதம் எடுத்துப் போட்டார். ஒன்று பாலித்தீன் கவரில் சுருட்டிய ஒல்லி வயர். இன்னொன்று அட்டைப்பெட்டியில், மேலே துணி பின்னி, முனையில் தங்கமுலாம் போட்டது. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தங்கமுலாம் போட்டதில் கலர் தூக்கலாக வரும் என்றார். நான் ஆயுசெல்லாம் பியூஸ் கட்டை செய்தவன். தடித்த கம்பி அதிகம் தாங்கும் என்பது எனக்குத் தெரிந்த சங்கதி. இரண்டையும் கையில் வைத்து எடை பார்த்தேன். பழக்கதோஷம், தங்கமுனையை நகத்தால் தட்டிக் காது கொடுத்தும் கேட்டேன்.

"ஐயா, இது பீங்கான் இல்லீங்க, தட்டிப் பாக்கறதுக்கு" என்றார் கடைக்காரர்.

தடித்ததிலேயே நீளமானதை வாங்கினேன். எலக்ட்ரீஷியன் சுவரில் ஓட்டை போடப் பாதி நாள் ஆயிற்று. அந்தச் சுவர் அப்படி. வயரைச் செருகினோம். டிவி கறுப்பாகவே நின்றது. சிக்னல் இல்லை என்று எழுத்து மட்டும் மிதந்தது.

மகனிடம் சொன்னேன். எச்.டி.எம்.ஐ. எல்லாம் ஒன்றுதான், எந்த வயர் வாங்கினாலும் அதே படம்தான், எதற்கு வீண்செலவு என்று கடிந்துகொண்டான். கடைக்காரரோ இதைவிட ஒசத்தியான மாடல் இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றார். இருவர் பேச்சும் சரியாக இருக்க முடியாது. நானே பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு சூளைச் சரக்கில் எது மேல் என்று தகராறு வந்தால், இரண்டையும் கலந்து, எது எந்தச் சூளை என்று சொல்லாமல், தரம் பிரிக்கிறவர் முன்னால் கொட்டிவிடுவோம். அவர் பஸ்ட் என்றால் பஸ்ட், செகண்ட் என்றால் செகண்ட். அப்பீல் கிடையாது. என் பட்டறையில் அந்த வேலை பார்த்த அம்மாள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். மயிரிழை விரிசலையும் விடாத கண். ஆள் அனுப்பினேன்.

"கண்ணு ஆப்பரேசன் ஆயிடுச்சு மொதலாளி. இப்ப ஒங்க வூட்டு ஒட்டடையெல்லாம் கூட தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

லேப்டாப்பை டிவி பக்கத்தில் கொண்டுவந்தேன். அதில் பேத்தியின் நிச்சயதார்த்த வீடியோ இருந்தது. கடையில் இரண்டு முழ நீளத்தில் ஒரு மலிவு வயரும், அதே அளவில் ஒரு தங்கமுலாம் வயரும் வாங்கி வந்திருந்தேன். அம்மாளைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு ஒன்றை மாட்டினேன். பார்க்கச் சொன்னேன். மறுபடி திருப்பி நிறுத்தி மற்றதை மாட்டினேன். புடவைக் கரையைப் பார்த்தார், மூக்குத்திக் கல்லைப் பார்த்தார், கிட்டத்தில் போய் நின்று பார்த்தார்.

"இதுல எது பஸ்டு எது செகண்டுன்னு என்னத்த சொல்றது? ரெண்டும் ஒரே சூளைங்க, ஒரே சூடு. மூக்குத்திதான் பொண்ணு மூஞ்சிக்கு பெருசா இருக்குது."

மாற்றி மாற்றிப் போட்டேன். தீர்ப்பு மாறவில்லை. அதுவரைக்கும் மகன் சொன்னது சரி. ஆனால் நான் அத்தோடு விட்டுவிடவில்லை. சுவர் வழியே இழுத்த நீளத் தடியனை அதே லேப்டாப்பில் போட்டால் கறுப்பு. கடையிலிருந்து நீளமான ஒல்லி வயர் ஒன்றை வாங்கிவந்து போட்டேன். படம் வந்தது, பேத்தி முகமெல்லாம் மின்மினிபோலப் பொட்டுப் பொட்டாக மினுக்கிற்று, உடனே போய்விட்டது. கிட்டத்தில் மலிவும் ஒசத்தியும் ஒன்று. தூரம் போனால் அந்தத் தூரம் தாங்கும்படி செய்த வயராக இருக்க வேண்டும். தடிமனும் தங்கமும் அதற்கு ஜவாபு இல்லை. மகன் பாதி தூரம் சரி, கடைக்காரர் பாதி தூரம்கூட இல்லை.

இன்னொன்றும் கண்டேன். இந்தப் படத்தில் செகண்ட் தரம் என்பது இல்லை. எங்கள் சரக்கில் கொஞ்சம் கோணினால் விலை குறைத்துச் சந்தையில் போட்டுவிடுவோம், அதுவும் ஒரு வீட்டில் பிழைத்துக்கிடக்கும். பழைய ஆன்டெனா டிவியும் அப்படித்தான், இரைச்சலோடு ஆள் தெரிவான். இது முழுசாக வருகிறது, இல்லையென்றால் போய்விடுகிறது. மனைவி இருந்திருந்தால், புள்ளியோட வந்தா என்ன, மூஞ்சி தெரிஞ்சா போதும் என்றிருப்பாள். அம்மாள் வீட்டுக்குக் கிளம்பிப் போனபின் நான் கறுப்பு டிவி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பல் விளக்கும்போது மாடியிலிருந்து தெருவைப் பார்த்தேன். இன்டர்நெட் வயர் எங்கோ மூலைக் கம்பத்திலிருந்து தெருத்தெருவாகத் தொங்கிக்கொண்டு வருகிறது. அது அவ்வளவு தூரம் வருகிற ஜாதி. அப்படியானால் தூரத்தை அதனிடம் விட்டுவிட்டு, படம் போகிற வயரைக் குட்டையாக்கினால் என்ன? இன்டர்நெட் லைன்காரரை வரவழைத்து, நான் போட்ட ஓட்டை வழியாகவே பெட்டியிலிருந்து இன்டர்நெட் வயரை ஹாலுக்கு இழுத்து லேப்டாப்பில் சொருகச் சொன்னேன். அங்கிருந்து டிவிக்கு அந்த மலிவான குட்டை வயர். படம் கண்ணாடி மாதிரி நின்றது.

"இப்பிடி பண்ணச் சொல்லி யாருங்க ஐயா சொன்னாங்க?" என்று லைன்காரர் கேட்டார்.

"எவன் சொல்லணும்?" என்றேன்.

கல்யாணத்தன்று விடியும்போதே அம்மாள் வந்து கோலம் போட்டுவிட்டார். வாடகை நாற்காலி ஹால் முழுக்க, வராந்தா வரைக்கும். அண்டாவில் கேசரி, இட்லி. டிவியில் நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. ஆள் வரவில்லை. கருவேப்பிலங்குறிச்சிக்குப் போன் போட்டேன்.

"எங்களுக்கும் லிங்க்கு வந்துடுச்சுங்க மாமா. பஸ்ஸு புடிச்சு வரதுக்குள்ள தாலி ஏறிடும். போன்லயே பளிச்சின்னு தெரியுது, நீங்களும் பாருங்க" என்றார்கள்.

மகன் குடும்ப வாட்ஸப்பில் போட்டது ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுக்கு அந்தப்புறம் நின்று செல்லைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து, எங்கள் ஹாலில் கேட்கிற அதே நாதஸ்வரம் கொஞ்சம் பிந்திக் கேட்டது. அத்தனை நாற்காலிக்கும் நாங்கள் இரண்டு பேர்.

ஆனால் படம் அறுபடவில்லை. தாலி ஏறியபோது எழுந்துபோய் அட்சதை போட்டேன். பாதி லேப்டாப் மேல் விழுந்தது.

"பாத்து போடுங்க மொதலாளி. கம்ப்யூட்டருக்கா கல்யாணம்?" என்றார் அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அப்புறம் பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழ ஆரம்பித்தார்கள். சம்பந்தி வீட்டார் முதலில். அடுத்து நம் பக்கம். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு டிவிக்கு நேராக நின்றேன். ஆசீர்வாதத்துக்குக் கையையும் தூக்கிவிட்டேன். அந்த நேரத்தில் கேமரா சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டது. யாரோ முகம் தெரியாதவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார், ஒரு புள்ளி குறையாமல் துல்லியமாக.

"செத்த ஒக்காருங்க. திரும்பி வரும்" என்றார் அம்மாள்.

நான் உட்காரவில்லை. கேமரா திரும்பி வந்தபோது மேடையில் போட்டோவுக்கு வரிசை கட்டி நின்றார்கள். அதன்பின் உட்கார்ந்தேன். கேசரியை அம்மாள்தான் தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சாயங்காலம் மகன் கூப்பிட்டு, படம் தெரிந்ததா என்று கேட்டான். ஒரு புள்ளி இல்லை என்றேன். நான்தான் அப்போதே சொன்னேனே, எந்த வயரும் ஒன்றுதான் என்றான். பின்னால் சத்தமாக இருந்தது, யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டான்.

போன வாரம் கல்யாண வீடியோவை எனக்கு அனுப்பியிருக்கிறான். இன்னும் முடிக்கவில்லையாம், திருத்தம் இருந்தால் சொல்லச் சொன்னான். கடைசியில் நன்றி என்று பெயர்கள் வரிசையாக ஏறுகின்றன. சமையல், மேளம், பூ அலங்காரம், நேரலை செய்த கம்பெனி என்று ஒருவர் விடாமல் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கீழே, ஊரிலிருந்து வாழ்த்திய உறவினர்கள் என்று ஒரே வரி. செல்லைப் பிடித்துக்கொண்டு படுக்கையில் கிடந்து பார்த்தவர்களோடு என்னையும் அதில் கட்டியிருக்கிறார்கள்.

திருத்தம் இருக்கிறது. எழுதிக்கொள்ளட்டும். பெண்ணின் தாத்தா விருத்தாசலத்தில் தன் வீட்டு ஹாலில் நின்றபடி அட்சதை போட்டு ஆசீர்வாதம் செய்தார் என்று போட வேண்டும். அங்கே படம் அறுபடாமல் வந்தது அவர் மூளையால்தான், வயரின் விலையால் அல்ல என்றும் போட வேண்டும். பூ அலங்காரத்துக்கு மேலே வர வேண்டும். எழுத்தும் அதைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது.