வேண்டாம் என்றது யார்

தம்பிக்குப் பெண் முடிவாகிவிட்டது என்று அம்மா போனில் சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பட்டுச்சேலை எடுத்துவிட்டேன். எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பீளமேட்டில் ஆபீஸ் முடிந்ததும் பஸ் ஏறி டவுன்ஹால் போனேன். கடைக்காரப் பெண் சலிக்கும் வரை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடச் சொல்லி, மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட ஒன்றை எடுத்தேன். "விசேஷமுங்களா?" என்று கேட்டாள். "தம்பி கல்யாணமுங்க. நான் இணைச்சீருக்கு உக்காரணும்," என்றேன். அதைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில், தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று செய்வார்கள். மாப்பிள்ளையும் அவன் கூடப்பிறந்தவளும் சேர்ந்து உட்கார வேண்டும். கல்யாணப் பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம் இருக்கும், இன்னொரு முனை இவளிடம். நாளைக்கு ஒருத்தி வீட்டுக்கு வரப்போகிறாள், வந்தாலும் உனக்கு உண்டானது உனக்கு உண்டு என்று அக்கா தங்கைக்கு ஊர் முன்னால் சொல்கிற சடங்கு அது. ஆண்பிள்ளை கூடப் பிறந்த எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் தன்னை ஒரு தடவையாவது உட்கார வைத்துப் பார்த்திருப்பாள். நானும் பார்த்திருக்கிறேன், அவன் டவுசர் போட்டுத் திரிந்த காலத்திலிருந்தே.

ஒரே ஒரு சங்கடம். நான் விவாகரத்து ஆனவள்.

இந்த வார்த்தையை இப்படிப் பளிச்சென்று சொல்லப் பழகுவதற்கு எனக்கு நாளானது. இப்போதும் எல்லா இடத்திலும் சொல்வதில்லை. நான் குடியிருக்கும் அபார்ட்மெண்டில் துணி தேய்க்கிறவரிடம் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். போன தீபாவளிக்குக்கூட "ஐயா இந்த வருசமும் வரலீங்களா?" என்று விசாரித்தார். லீவு கிடைக்கவில்லை என்று அந்தத் துபாய் மனிதனுக்காக நான் வருத்தப்பட்டேன். ஆபீஸில் ஒரு குழுவையே கட்டி மேய்க்கிற எனக்கு, சிலிண்டர் போடுகிறவர் "சார் இல்லீங்களா?" என்று கேட்டால் பதில் தடுமாறுகிறது. இதெல்லாம் பெரிய துக்கம் இல்லை. செருப்பில் மாட்டிய சின்னக் கல் போலத்தான், நடக்க நடக்கத் தெரியும்.

பெரிய துக்கம் வந்த நாட்களில் என்னுடன் இருந்தது தம்பிதான். மதுக்கரையில் என் மாமியார் வீட்டை விட்டு நான் கிளம்பியபோது காரை எடுத்துக்கொண்டு வந்தவன் அவன். அங்கே ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் என் பெட்டிகளை எல்லாம் ஏற்றினான். மெயின் ரோட்டுக்கு வந்ததும், "அழுகறதுன்னா அழுதுக்கோக்கா, நான் பாட்டைச் சத்தமா வெச்சுக்கறேன்," என்றான். வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தி டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தான். கோர்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு வந்து, வெளியே மரத்தடியில் நின்றான். அப்பா இருந்திருந்தால்கூட அப்படி நின்றிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். அதனால் அவன் கல்யாணத்தில் என் இடம் எது என்ற கேள்வியே எனக்கு வரவில்லை.

கேள்வி வந்தது பெரியப்பா மகளின் போனில். என்னைவிடப் பெரியவள், காங்கேயத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். "ஏங்கண்ணு, உன்னோட ஒட்டியாணம் லாக்கர்ல சும்மாதானே கெடக்குது? கொண்டாந்தீன்னா இணைச்சீருக்கு நான் போட்டுக்குவேன்," என்றாள். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "நீங்களா உக்கார்றீங்க?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "உனக்குத் தெரியும்னு நெனச்சேன் சாமி," என்றாள். கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா முதலில் சமையல்காரர் பற்றிப் பேசினாள், பந்தல் பற்றிப் பேசினாள். நான் விடவில்லை. "பெரியப்பன் ஊட்டுல அப்படிப் பிரியப்படறாங்க கண்ணு. நீ வெசனப்படாதே," என்றாள். பெரியப்பாவைக் கூப்பிட்டேன். "எனக்கென்னுங்க அம்மணி, நீ உக்காந்தா எனக்குச் சந்தோசம்தான். பொண்ணு ஊட்டுக்காரங்க ஏதாச்சும் நெனச்சுக்குவாங்களோன்னு உங்கம்மாதான் சொன்னா. அப்புறம் அருமைக்காரர் வேற என்ன சொல்லுவாரோ," என்றார். அருமைக்காரர் என்பவர் எங்கள் கல்யாணங்களில் சீர்களை முன்நின்று நடத்தி வைக்கும் பெரியவர். திரும்ப அம்மாவிடம் போனால், "நான் எப்போ சொன்னேன்?" என்றாள்.

ஆபீஸில் தினமும் பார்க்கிற கூத்துதான் இது. ஒரு புகார் வரும். இது எங்களுடையது இல்லை என்று ஒரு குழு அடுத்த குழுவுக்குத் தள்ளும், அது இன்னொன்றுக்குத் தள்ளும். யாராவது ஒருவர் பொறுப்பெடுங்கள் என்று மீட்டிங்கில் கத்துவது என் வேலை. இங்கே கத்த முடியவில்லை. எல்லாரும் அவ்வளவு மரியாதையாகப் பேசினார்கள். எங்கள் ஊர் மரியாதை இருக்கிறதே, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போதும் "கொஞ்சம் அக்கட்டால நின்னுக்கங்க" என்றுதான் தள்ளும்.

மனதுக்குள் நான் அம்மாவைத்தான் குற்றவாளியாகப் பிடித்தேன். அப்பா போன பிறகு விசேஷ வீடுகளில் யாரும் சொல்லாமலே கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொள்ளப் பழகியவள் அவள். தனக்கு வந்தது மகளுக்கும் வரட்டும் என்று இருக்கிறாளா, இல்லை, மகளை யாராவது ஒன்று சொல்வதற்கு முன்னால் தானே ஒதுக்கிவிடுவது மேல் என்று நினைக்கிறாளா? இரண்டாவதுதான் என்று தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. கொஞ்ச நாள் அவள் போனை எடுக்காமல் விட்டேன்.

தம்பியிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவன் குதிப்பான், கல்யாண வீடு ரணகளமாகும், புதுப் பெண் என்ன நினைப்பாள் என்றெல்லாம் யோசித்தேன். என்னால் அவன் கல்யாணத்தில் ஒரு சண்டை வேண்டாம். பத்திரிகை கொடுக்க அவன் என் வீட்டுக்கு வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. அவன் செல்போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "எல்லாம் ஓகேதானேக்கா?" என்றான். "எனக்கென்னடா, ஓகேதான்," என்றேன். பாவம், கல்யாண அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இணைச்சீர். காங்கேயம் ரோட்டில் மண்டபம். வீம்புக்கு அந்த மாம்பழ நிறச் சேலையையே கட்டிக்கொண்டு போனேன். பெரியப்பா மகளுக்கு ஒட்டியாணத்தை நானே மாட்டிவிட்டேன். இடுப்புக் கொஞ்சம் பெரிது, கொக்கி எட்டவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரித்துக்கொண்டே என் கன்னத்தைத் தடவினாள். அதோடு நான் வெளியே வந்துவிட்டேன்.

வராந்தாவில் அருமைக்காரர் எதிரே வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் செல்போன். என்னை மேலும் கீழும் பார்த்து, "சீலையெல்லாம் கட்டி ரெடியாத்தானே இருக்கறே அம்மணி, வா, நேரமாகுது," என்றார். நான் இல்லை, பெரியப்பா மகள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. "கூடப்பொறந்தவ நீ இருக்கையில அவங்க எதுக்கு?" என்றார். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. "நாங்க பிரிஞ்சுபோட்டோமுங்க," என்றேன். "அது தெரியுமே கண்ணு. அதுக்கும் இதுக்கும் என்ன? அவங்கூடப் பொறந்தது பொறந்ததுதானே," என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை அறைக்குள் போனார்.

இத்தனை நாள் யாரைச் சொல்லிப் பயமுறுத்தினார்களோ, அந்த மனிதரே சரி என்கிறார். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். கதவு பாதி திறந்திருந்தது.

"ஏனுங்க மாப்பிள்ளை, அக்காவே உக்காரட்டுமுங்க. எனக்கு ஒண்ணும் இல்லீங்க," என்று அவர் சொல்வது கேட்டது.

"வேண்டாங்க ஐயா."

"பெரியவங்களுக்காகப் பாக்கறீங்களா? நான் சொல்லிக்கறேன்."

"இல்லீங்க. அவங்க யாரும் சொல்லலீங்க. நான்தானுங்க வேண்டாம்னேன்." தம்பியின் குரல்தான். "நான் இதையெல்லாம் நம்பறவன் இல்லீங்க. ஆனா அக்கா வாழ்க்கை அப்படி ஆகிப்போச்சு. நம்ம வாழ்க்கை ஆரம்பிக்கறப்போ எதுக்குங்க ரிஸ்க்?"

அருமைக்காரர் சட்டைப் பையிலிருந்த செல்போனை எடுத்து மணி பார்த்தார். பிறகு, "உங்க பிரியமுங்க," என்றார். வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். என் தலையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு நடந்தார்.

ரிஸ்க். அவன் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். என் தம்பி கெட்டவன் இல்லை. என்னை வெறுக்கவும் இல்லை. என் வாழ்க்கை உடைந்ததை மற்றவர்கள் கேள்விப்பட்டார்கள், அவன் மட்டும்தான் கிட்டத்தில் நின்று பார்த்தான். பார்த்துப் பயந்துபோயிருக்கிறான். மரத்தடியில் நின்ற அத்தனை நாளும் எனக்குத் துணையாக நிற்கிறான் என்று நினைத்தேனே, தனக்கு இது வந்துவிடக்கூடாது என்றும் நினைத்துக்கொண்டுதான் நின்றானா? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவனிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் இல்லை என்பான், அதை நான் நம்ப வேண்டியிருக்கும்.

சீர் நடக்கும்போது நான் கடைசி வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். மேடையில் பெரியப்பா மகளும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். கூறைச்சேலை இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. வீடியோக்காரர், "அக்கா, கொஞ்சம் தம்பி பக்கம் திரும்புங்க," என்றார். நானும் திரும்பினேன், பழக்கதோஷம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியும் கண்ணு," என்றாள். "அவனை நீ ஒண்ணும் நெனச்சுக்கக்கூடாதுன்னுதான் பெரியப்பன் மேல போட்டேன்."

இவ்வளவு நாள் நான் அவளிடம் காட்டிய கோபத்தை எல்லாம் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் தோளில் சாய்ந்து அழவேண்டும் போல இருந்தது. கல்யாண வீட்டில் அழக்கூடாது என்பதால் அழவில்லை. அதற்கும் ஏதாவது காரணம் கற்பித்துவிடுவார்கள்.

கல்யாணம் முடிந்து புதுமணத் தம்பதிக்கு உறவுக்காரர்கள் எல்லாரும் விருந்து வைத்தார்கள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். கூப்பிடாமல் இருக்க முடியுமா? அவனுக்குப் பிடித்த பள்ளிபாளையம் சிக்கன் செய்தேன். அந்தப் பெண் நல்ல பெண். வந்ததும் சமையலறைக்குள் நுழைந்து அப்பளம் பொரித்துக் கொடுத்தாள், சிங்க்கில் கிடந்த பாத்திரத்தைக் கழுவப் பார்த்தாள். மூன்று பேரும் ஒன்றாகத்தான் சாப்பிட உட்கார்ந்தோம்.

பாதிச் சாப்பாட்டில் அவள், "அண்ணி, ஒண்ணு கேட்டாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்கல்லங்க?" என்றாள்.

"கேளு கண்ணு."

"எங்க ஊட்டுல எல்லாரும் உங்களைத்தான் தேடுனாங்க. சொந்த அக்கா இருக்கறப்போ இணைச்சீருக்கு வேற யாரோ உக்கார்றாங்களேன்னு எங்க அம்மாவுக்கு ஒரே வருத்தம். இவரைக் கேட்டேன். எவ்வளவோ கெஞ்சியும் நீங்கதான் உக்கார மாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே. ஏனுங்கண்ணி?"

தம்பியைப் பார்த்தேன். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது. நான் என்ன சொல்வேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவனை இன்னும் முழுசாக நம்பிக்கொண்டிருக்கிற முகம்.

"ஆமா கண்ணு," என்றேன். "நான்தான் வேண்டாம்னேன். அத்தனை பேர் முன்னாடி மேடையில உக்கார்றதுன்னா எனக்குக் கூச்சம்."

"அட, இதுக்குப் போயா?" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். தம்பி ஒரு பெருமூச்சு விட்டான். அதை நான் மட்டும்தான் கவனித்தேன். பிறகு தட்டை என் பக்கம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் சிக்கன் போடுக்கா," என்றான்.

போட்டேன்.