குண்டாற்று மணலில் ஐலீன்

பனிக்கட்டியின் மேல் வெந்நீர் ஊற்றுவது எனக்கு இங்கே வேலை. சொன்னால் நம்மூரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். இங்கிலாந்தின் வடக்கே, புகைபோக்கிகள் நிறைந்த ஒரு மில் ஊரில் ‘ஐஸ் ரிங்க்’ என்று ஒரு பெரிய கூடம் இருக்கிறது. உள்ளே ஒரு தெப்பக்குளம் அளவுக்குத் தளம். அதன் அடியில் குழாய்கள். குழாய்களுக்குள் உறையாத உப்புத் தண்ணீரைக் குளிரவைத்து ஓட்டும் எஞ்சின்கள். அந்த எஞ்சின்களைப் பார்த்துக்கொள்வதோடு, விடிகாலையில் சக்கரம் வைத்த பீப்பாயில் வெந்நீர் நிரப்பித் தளம் முழுக்க இழுத்துப் போகவேண்டும். முந்தின நாள் கூட்டம் கீறிவைத்த கோடெல்லாம் சூட்டில் இளகி மூடிக்கொள்ளும். கால் மணி நேரத்தில் தளம் கண்ணாடியாக இறுகிவிடும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது பரவுவதற்குள் மேடும் பள்ளமுமாக உறைந்துபோகும். இதை நான் முதன்முதலாக எழுதியபோது திருச்சுழியிலிருந்து என் மனைவி ராமலட்சுமி எழுதிய பதில் இது: “வெந்நி ஊத்துனா ஐஸு கரையாதா? அருப்புக்கோட்டை சோடாக் கடையில மரத்தூளுக்குள்ள பொதிஞ்சு வச்சும் தங்கமாட்டேங்குது. அங்க போயிப் பொய் சொல்லப் படிச்சுட்டீகளா?”

அருப்புக்கோட்டையில் பருத்தி அரைக்கும் ஆலையொன்றில் ஆயில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். யுத்தகாலத்தில் மெக்கானிக் பயிற்சிக்கென்று சர்க்கார் கப்பலேற்றி அனுப்பிய ஆட்களில் ஒருவனாக வந்தேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். யுத்தம் முடிந்தது, பயிற்சி முடிந்தது, கூட வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பினார்கள். இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம் என்று நான் தங்கிவிட்டேன். ராமலட்சுமி திருச்சுழியில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். நாங்கள் தறிக்காரக் குடும்பம்; வீட்டுப் பேச்சு கன்னடம். ஆனால் கன்னடத்தில் எழுத இருவருக்குமே தெரியாது. அதனால் கடிதம் தமிழில்தான். தெருவில் அக்கம்பக்கத்தாரோடு பேசும் பாஷையில் என் மனைவி என்னை நலம் விசாரிப்பாள். ஆரம்பத்தில் அது எனக்கு யாரோ ஒரு பெண்பிள்ளை எழுதிய கடிதம்போல் இருந்தது. வருஷங்கள் போகப் போக அந்த யாரோ ஒருத்தி மேலும் எனக்கு ஏக்கம் பிடித்துக்கொண்டது.

நான் சொல்ல வந்தது சுதந்திரம் வந்த பிறகான முதல் குளிர்காலத்தைப் பற்றி. இந்த மில் ஊர் ரொட்டிக்கடைக்காரர் மகள் ஐலீன், அதற்கு முந்தின குளிர்காலத்தில் தேசத்துக்கே முதலாவதாக வந்த சறுக்காட்டக்காரி. வயது பத்தொன்பது. காலணிக்கு அடியில் கத்திபோன்ற இரும்புத் தகடு. அதன் விளிம்பில் நின்று சுழலுவாள், தாவுவாள், பின்பக்கமாகவே பறப்பாள். புது சீசன் ஆவணியிலேயே தொடங்கியிருந்தது. காலை ஆறு மணிக்கு, நான் தளத்தை இறுகவைத்து ஒதுங்கியதும் அவள் பயிற்சிக்கு இறங்குவாள். அவளைப் பார்ப்பதற்கென்றே பத்துப் பதினைந்து பேர் வேலைக்குப் போகும் வழியில் வந்து பெஞ்சில் உட்காருவார்கள். மில் பெண்கள், ஒரு தபால்காரர், எல்லாருக்கும் தலைவிபோல டாலி. டாலி டிராம் வண்டியில் டிக்கெட் கிழிக்கும் நாற்பது வயதுப் பெண்மணி. யுத்தத்தில் புருஷனை இழந்தவள். ஐலீனின் ஒவ்வொரு தாவலுக்கும் இவள் தோள் தானாக உயரும்.

ஒருநாள் டாலி எனக்கும் ஒரு கோப்பைத் தேநீர் நீட்டி, எந்த ஊர் என்று கேட்டாள். அருப்புக்கோட்டை என்றேன். ‘கோட்டை’ மட்டும் அவள் காதில் விழுந்தது. அன்றிலிருந்து நான் ‘மிஸ்டர் கோட்’.

“உங்கள் ஊரில் தண்ணீர் எந்த மாதத்தில் உறையும், மிஸ்டர் கோட்?”

“எங்கள் ஊரில் தண்ணீரே கிடையாது.”

நல்ல ஹாஸ்யம் சொல்லிவிட்டேன் என்று பெஞ்சே சிரித்தது. விளக்கிச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. சிரித்து முடித்த டாலி, “உங்களுக்குத்தான் சுதந்திரம் கொடுத்துவிட்டோமே, இன்னும் ஏன் இங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, மழை வருமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஐலீன் அந்த நேரம் ஒரு தாவல் தாவினாள். எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன். அப்படித்தான் அந்தக் கூட்டத்தில் ஒருவனானேன்.

என் கடிதங்களில் ஐலீன் வரத் தொடங்கினாள். என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? எழுந்தேன், வெந்நீர் ஊற்றினேன், படுத்தேன். அவளைப் பற்றி எழுதினால் பக்கம் நிறையும். அந்தக் கடிதங்களை ராமலட்சுமி எங்கே வைத்துப் படித்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வருஷம் திருச்சுழியில் கிணறுகள் வற்றிவிட்டன. பெண்கள் குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சுரக்கிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய வெகுநேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு என் கடிதம். கல்யாணமான புதிதில் ஒருதரம் நானும் அந்த ஊற்றடிக்கு அவளோடு போயிருக்கிறேன். தண்ணீர் கலங்கிவிட்டது என்று அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுச் சீனியம்மா, “ஏத்தா, மாப்பிள்ளைய வெயில்ல நிறுத்திட்டு ஊத்தையே பாத்துக்கிட்டு இருக்கியே” என்றாள். ராமலட்சுமி நிமிராமலே சிரித்தாள். இந்த ஊர்க் குளிரில் காது மடல் மரத்துப்போய் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெயில்தான் வேண்டியிருந்தது.

ஊற்றடியிலிருந்து கேள்விகள் வந்தன. “கத்தி மேல நடக்குற பிள்ளைக்குக் கால் அறுக்காதான்னு சீனியம்மா கேக்குறாக. எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டு இப்பிடி நடக்குறாளாம்? பூக்குழி எறங்குனா ஒரு நாளு. இவ தெனமும் நடக்குறாளே, அம்புட்டுப் பெரிய வேண்டுதலா?” சாமிக்கில்லை, போட்டிக்கு என்று எழுதினேன். “போட்டின்னா எதுத்து நிக்கிறது யாரு?” என்று வந்தது. யாரும் எதிர்த்து நிற்பதில்லை, ஒவ்வொருத்தியாக ஆடுவார்கள், நடுவர்கள் நம்பர் போடுவார்கள் என்றேன். அது ஊற்றடிக்கு ஒப்பவில்லை. ஆனாலும் ஐலீன் அங்கே அயிலு ஆகிவிட்டாள்.

கார்த்திகையில் ஒரு கடிதம் வந்தது. “நாலு பக்கக் கடுதாசியில மூணு பக்கம் அந்தப் பிள்ளை. எனக்கு ஒரு வரி. அவ பாவாடை என்ன நெறம்னு எழுதிருக்கீக. நான் என்ன சேலை கட்டிருக்கேன்னு ஒரு நாளாச்சும் கேட்டீகளா?” படித்துவிட்டு எஞ்சின் அறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் கேட்டது நியாயம். அவள் சேலை எனக்குத் தெரியாது. அவள் முகமே சில நாள் கல்யாணப் போட்டோவில் இருக்கிற முகமாகத்தான் நினைவுக்கு வந்தது. இனி ஐலீனைப் பற்றி எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு வாரத்தில் அடுத்த கடிதம். “கோவத்துல எழுதிட்டேன். ஒங்க கடுதாசி வந்தாத்தான் ஊத்தடியில எல்லாரும் என்னையச் சுத்தி உக்காருவாக. இல்லாட்டி நான் வாழாவெட்டி கணக்கா ஒதுங்கி நிக்கணும். அயிலப் பத்தி எழுதுங்க. ஊதாச் சேலை கட்டிருக்கேன்.” அந்த ஊதா என்ற சொல்லை நான் எத்தனை தரம் படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தேசியப் போட்டி மார்கழிக் கடைசியில் லண்டனில் நடந்தது. டாலி தலைமையில் ஒன்பது பேர் ரயிலேறினோம். கூட்டத்தில் கறுப்பு முகம் என்னுடையது ஒன்றுதான். ஆனால் ஐலீன் தளத்தில் இறங்கியதும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதல் இரண்டு நிமிஷம் நன்றாக ஆடினாள். மூன்றாவது தாவலில் கால் மடங்கி விழுந்தாள். விழுந்த சத்தம் எங்கள் பெஞ்சு வரைக்கும் கேட்டது. எழுந்தாள், ஆடி முடித்தாள். நான்காவது இடம். மறுவாரம் காலைப் பெஞ்சில் ஐந்து பேர். அதற்கடுத்த வாரம் டாலியும் தபால்காரரும் மட்டும்.

திருச்சுழிக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு கடிதங்களில் பனியைப் பற்றி எழுதினேன், ரேஷனைப் பற்றி எழுதினேன். போட்டியைப் பற்றி மூச்சுவிடவில்லை. மாசி பாதியில் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே கடிதமும் காகிதப் பொட்டலமும். “தை மொத வெள்ளிக்கெழமை ஊத்தடிப் பொம்பளைக எல்லாரும் சேந்து அம்மன் கோயில்ல அயிலு பேருல பொங்க வச்சோம். அரிசி ஆளுக்கு ஒரு பிடி. தண்ணி சொமந்தது சீனியம்மா. பூசாரி என்ன நச்சத்திரம்னு கேட்டாரு, தெரியாதுன்னோம். கெலிக்கட்டும்னு வேண்டிக்கிட்டோம். துன்னூறும் குங்குமமும் வச்சிருக்கேன். அந்தப் பிள்ளை கையில குடுங்க.”

அவர்கள் பொங்கல் வைத்த நாளுக்கு ஐந்து நாள் முன்பே அவள் விழுந்துவிட்டிருந்தாள். கப்பல் தபாலில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது தெரியும். நமக்காக அவர்கள் வேண்டிக்கொள்வதெல்லாம் நமக்கு ஏற்கெனவே நடந்து முடிந்ததற்காகத்தான்.

மறுநாள் காலை ஐலீன் காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். அதுவரை அவளோடு குட்மார்னிங் தவிர ஒன்றும் பேசியதில்லை. பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன்.

“இது உப்பா?”

இல்லை என்று, தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். என் மனைவி, அவளுடைய ஊர், தண்ணீர் இல்லாத ஆறு, மணலில் தோண்டிய ஊற்று. ஐஸையே பார்க்காத பெண்கள் உனக்காக ஆளுக்கொரு பிடி அரிசி போட்டுச் சாமிக்குப் பொங்கினார்கள், இது அந்தச் சாமியின் சாம்பல் என்றேன். அவள் பொட்டலத்தை மடித்து, நல்ல ராசி என்று, காலணிக்குள் வைக்கப் போனாள்.

“ஐயையோ, காலில் கூடாது!” என்று தமிழில் கத்திவிட்டேன்.

அவள் பயந்து கையை எடுத்தாள். நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். புரிந்தது. சட்டையின் உள்பக்கம், கழுத்துக்குக் கீழே, ஊசியால் குத்திக்கொண்டாள்.

“நான் விழுந்தது அவர்களுக்குத் தெரியுமா?”

“இன்னும் எழுதவில்லை.”

“அப்படியானால் உலகத்தில் ஓர் ஊரிலாவது நான் இன்னும் தோற்கவில்லை” என்றாள். கண் கலங்கியிருந்தது. எழுந்து தளத்தின் ஓரம்வரை போனவள் திரும்பி, “எழுதிவிடுங்கள். ஆனால் இன்றைக்கு வேண்டாம்” என்றாள்.

மூன்று நாள் கழித்து எழுதினேன். பங்குனியில் சீசனின் கடைசிப் போட்டி எங்கள் கூடத்திலேயே நடந்தது. அன்று நான்கு மணிக்கே எழுந்து, பீப்பாயை மூன்று சுற்று இழுத்தேன். லண்டனில் அவளை வீழ்த்திய அதே தாவலைத் தாவி, இறங்கி, நின்றாள். இரண்டாம் இடம்தான். டாலி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பொட்டலத்தின் கதையை ஐலீன் அவளுக்குச் சொல்லியிருந்தாள். “உங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தந்தி அடியுங்கள், மிஸ்டர் கோட்” என்றாள். திருச்சுழிக்குத் தந்தி போனால் யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் வீடு அலறும். அதை அவளுக்குச் சொல்லவில்லை. அன்றே கடிதம் போட்டேன்.

சித்திரையில் ஒரு கடிதம் வந்தது. அது இதற்குப் பதில் அல்ல. விழுந்ததைப் பற்றி நான் எழுதியதற்குப் பதில். “விழுந்துட்டா விழுந்துட்டான்னு ஒரு பக்கம் எழுதிருக்கீக. எந்திரிச்சாளா, அத எழுதலையே? ஊத்தடியில எல்லாரும் அதத்தான் கேக்குறாக. கெலிக்கிறது கெடக்கட்டும்.” அதன் கீழே, வேறு மையில், பிறகு சேர்த்ததுபோல ஒரு வரி: “நீங்க எப்ப வாரீக?”

கோடையில் கூடத்தை மூடினார்கள். நான் கப்பலேறினேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பஸ்ஸில் போய் இறங்கியபோது சீனியம்மா குடத்தோடு எதிரே வந்தாள். “வாங்க தம்பி, சொகமா? எளைச்சுட்டீகளே” என்றவள் மறுமூச்சில், “அயிலு எப்பிடி இருக்கா?” என்றாள். ராமலட்சுமி கதவுக்குப் பின்னால் நின்றாள். ஐந்து வருஷத்தில் முகம் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. பேசியபோது அவள் வாயில் வந்தது கன்னடம் இல்லை, கடிதத்துத் தமிழ். எனக்கும் அப்படியே. பிறகு இருவரும் சிரித்துவிட்டோம்.

நான் திரும்பிப் போகும் நாள் நெருங்கியபோது அவள் அண்ணனிடம் அவளே கன்னடத்தில் பேச்செடுத்தாள்.

“நானும் போறேன்ணே.”

“அம்புட்டுத் தூரமா? பாஷ தெரியாத ஊர்ல போயி என்ன செய்யப்போற?”

“அஞ்சு வருசம் கடுதாசியிலயே குடும்பம் நடத்தியாச்சு. இனிமே ஏலாது.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

இப்போது அடுத்த சீசன் தொடங்கிவிட்டது. காலையில் ராமலட்சுமி சேலைக்கு மேல் டாலி கொடுத்த பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, டாலியின் பக்கத்தில் உட்காருகிறாள். ஒருத்தி பேசுவது ஒருத்திக்குப் புரிவதில்லை. ஐலீன் தாவும்போது மட்டும் இரண்டு பேருடைய தோளும் ஒன்றாக உயர்கிறது. திருச்சுழிக்கு இனி நான் எழுதுவதில்லை, அவள்தான் எழுதுகிறாள். நேற்று தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்த கடிதத்தை, ஒட்டுவதற்கு முன் படித்துப் பார்த்தேன். மூன்று பக்கம் அயிலு. கடைசியில் சீனியம்மாவுக்கு ஒரு வரி. “உங்க ஊர்ல மழை பெஞ்சுச்சா?” என்று எழுதி, ‘உங்க’வை அடித்துவிட்டு, மேலே ‘நம்ம’ என்று எழுதியிருந்தாள். பிறகு ஏனோ அதையும் அடித்திருந்தாள். ஊருக்கு முன்னால் இரண்டு அடித்தல்கள் மட்டும் இருந்தன. நான் எதையும் சேர்க்காமல் அப்படியே ஒட்டித் தபாலில் போட்டேன்.