நோவாத புண்

கடுக்காய் மசியின் வாசனை. தட்டின கடுக்காயை ஊறவைத்து அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைத்து ஊற்றினால், பழுப்புத் தண்ணீர் கண்ணெதிரே கறுத்துக்கொண்டு வரும். அப்போது எழும் அந்த வாசனை, துருவும் துவர்ப்பும் கலந்து, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். என் எழுத்துக்கு வேண்டிய மசியை நானே காய்ச்சிக்கொள்கிறேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தண்ணீர் கறுக்கிற அந்தக் கணத்தில் கரண்டியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். கறுப்பைக் கண்டு நடுங்குகிறவன் கறுப்பைத் தொட்டுப் பிழைக்கிறேன். வேடிக்கைதான். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

அப்போது எனக்கு இருபதுகளில் வயது. ஆம்பூரில் ஒரு தோல்ஷாப்பில், பட்டைக்குழிப் பக்கம் வேலை. ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் இறங்கித் தோலைப் புரட்டிப் போட்டு ஏறினால் முழங்கால் வரைக்கும் காவி ஏறியிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. ஜும்மா முடிந்து, சோறு தின்று, வெயில் சாயத் தொடங்கியதும் பாலாற்றங்கரையில் பந்து. எங்கள் ஷாப்புக்கு ஒரு டீம் இருந்தது. பட்டைத் தண்ணீரில் முக்கின பழுப்புச் சட்டை, வெறுங்கால்.

வெறுங்காலில் ஆடுகிறவனுக்குக் கால்தானே பூட்ஸ். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். இறங்குவதற்கு முன் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்ட வேண்டும். காப்டன், தோலைத் தடவியே தரம் பிரிக்கிற மேசையில் வேலை பார்த்தவர், நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம், ஒவ்வொரு உள்ளங்காலையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வருவார். "நோவுதா?" முகம் சுளித்தவன் அன்றைக்கு வேட்டியைக் கட்டிக்கொண்டு கரையில் உட்கார வேண்டியதுதான். தோல் பார்த்துப் பழகின விரல். அதற்குப் பொய் தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தோம்.

லெஃப்ட் அவுட் ஆடியவன் என் மனைவியின் தம்பி. மீசை அரும்பி ஒன்றிரண்டு வருஷந்தான் ஆகியிருக்கும். கோட்டை ஒட்டியே ஓடுவான், மணலில் சத்தம் வராது. பந்து போவதுதான் தெரியும், கூட ஆள் போவது அப்புறந்தான் தெரியும். ஆனால் அவனுக்கு வேலை சுண்ணாம்புக் குழியில். சுண்ணாம்பு மாட்டுத் தோலின் மயிரையே தின்கிறது, மனுஷன் காலை விடுமா? அந்த வருஷம் மழைக்காலத்தில் உள்ளங்கால் ஊறி, பிளந்து, பாய் விரல் வைக்கும் முன்பே "அம்மா" என்று கத்திவிடுவான். பல வெள்ளிக்கிழமைகள் அப்படியே போயின. கடைசியில் ஒருநாள், இனி வராதே என்று சொல்லிவிட்டார்கள். சட்டையை மடித்து வைத்துவிட்டுப் போனான். மறு வாரமே ராணிப்பேட்டையில், பதனிடாத பச்சைத்தோல் அடுக்கும் ஒரு கிடங்கில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டோம்.

பச்சைத்தோல் என்றால் எங்கள் வீட்டில் அடுப்பே அணைந்துவிடும். செத்த மாட்டின் தோலில் ஒரு வியாதி வரும். முதலில் எறும்பு கடித்த தடிப்பு, பிறகு கொப்புளம், பிறகு நடுவில் கரி வைத்த மாதிரி ஒரு கறுப்பு. நோவே இருக்காது. அதுதான் அதன் அடையாளம். ஷாப்புக்காரன் உடம்பில் நோகிற புண் எத்தனையோ வரும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நோவாத கறுப்புப் புண்ணுக்கு மட்டும் மேஸ்திரி முதல், நாங்கள் மாலிக் என்கிற முதலாளி வரை எழுந்து நிற்பார்கள். என் மாமனாருக்குக் கழுத்தில் வந்தது. சிரித்துப் பேசிக்கொண்டே அதைத் தடவிக் காட்டினாராம். அந்த வாரம் தாண்டவில்லை.

அவன் போனபின் டீம் தோற்றுக்கொண்டே வந்தது. அவன் இடத்தில் நின்றவன் நல்லவன், பலசாலி, ஓட மட்டும் தெரியாதவன். வேலூரிலிருந்து பூட்ஸ் போட்ட டீம் ஒன்று வருவதாக ஏற்பாடு. அதற்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது பட்டைக்குழி ஓரத்தில் உட்கார்ந்து பேச்சு தொடங்கியது.

"அவனைக் கூப்புட்டுக்கலாம்" என்றார் பாய்.

கோல்கீப்பர் கனத்த ஆள். கோபம் வந்தால் இன்னும் கனப்பார். "இன்னா பாய், தொரத்திவுட்ட மருமகளப் பண்டிகைக்கு அழைக்கிற மாதிரி இருக்குது?"

"நீ கோல் வாங்கறது நிக்கும்ல?"

"நான் வாங்கறேன்னா, முன்னாடி இவன் நிக்கிறான்பா. இவன் பந்த எட்டறதுக்குள்ள மெயிலு வந்து தண்ணி புடிச்சிகினு போய்டுது."

ஓடத் தெரியாதவனுக்குக் கோபமே வரவில்லை. "நானா கேட்டேன்? நீங்கதான இழுத்துகினு வந்து நிக்க வெச்சீங்க. அவனையே கூப்புடுங்க. வெள்ளிக்கெழமைல தூங்கனாப்ல இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். கோல்கீப்பர் மட்டும் சிரிக்கவில்லை. "காலு கெட்டப்போ போடான்னோம். இப்ப கோல் வேணும், வாடான்றோம். நாளைக்கி என் காலு வெடிச்சா எனுக்கும் இதானே? நாம இன்னா ஆளா, தோலா, ரகம் பிரிச்சி வீசறதுக்கு?"

பாய் தன் கட்டைவிரலையே பார்த்தார். தோல் தரம் பிரிக்கிறவர் அவர். அந்தச் சொல் அவர் மேலேயே விழுந்தது. பிறகு மெல்லச் சொன்னார்: "வந்தான்னா மாலிக்காண்ட சொல்லி காயப்போடற எடத்துல வேல வாங்கித் தர்றேன். சுண்ணாம்பும் வாணாம், பச்சத்தோலும் வாணாம். அதுக்கு அவன் டீம்ல இருக்கணும். சும்மா ஒருத்தனுக்கு மாலிக் வேல மாத்தித் தருவாரா?"

என்னைப் பார்த்தார்கள். வீட்டில் என் மனைவி ராத்திரி சோறு போடும்போது சொன்னதையே சொன்னேன்: அவன் கோல் போட்டா இன்னா, போடாட்டி இன்னா, அந்தக் கெடங்க விட்டு வந்தா போதும். கோல்கீப்பர் தலையாட்டினார். ஆள் அனுப்பினோம். வேலூர் டீமோடு ஆடுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை வா, பாய் கால் பார்த்துச் சேர்த்துக்கொள்வார் என்று.

வந்தான். ரயில் தாமதம், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஆற்றங்கரைக்கு வந்தான். இளைத்திருந்தான், உப்புப் பூத்த வேட்டி. சிரிப்பு மட்டும் பழையது. உட்கார்ந்து காலை நீட்டினான்.

பாய் இடது உள்ளங்காலை அழுத்தினார். கல். வலது. கல். எங்கேயும் இமை அசையவில்லை. வரிசையில் யாரோ "பலே" என்றார்கள். பாயின் விரல் கணுக்காலுக்கு ஏறியது. அங்கே புளியங்கொட்டை அளவில் ஒரு புண். ஓரம் தடித்திருந்தது. நடு கறுப்பு.

"இது இன்னாடா?"

"முள்ளு கீறிச்சி பாய்."

விரலை வைத்தார். "நோவுதா?"

"இல்ல பாய்."

"கொஞ்சங்கூட?"

"சுத்தமா இல்ல. வேணும்னா இன்னும் அமுக்கிப் பாருங்க!"

பாய் கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வரிசையில் காலை நீட்டியிருந்தவர்கள் ஒவ்வொருவராக மடக்கிக்கொண்டார்கள். கோல்கீப்பர் சிலுவை போட்டுக்கொண்டார். என் மாமனாரின் கழுத்து என் கண்ணுக்குள் சிரித்துக்கொண்டு நின்றது.

அவனுக்கு அது வேறு மாதிரி பட்டது. சேர்த்துக்கொள்ள யோசிக்கிறார்கள் என்று நினைத்தான். எழுந்தான். "நம்பலியா பாய்? பாருங்க!" என்று அந்தக் காலாலேயே தரையை உதைத்தான். குதித்தான். ஒற்றைக் காலில் நொண்டியடித்தான், சிரித்துக்கொண்டே. அவன் காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டது. நிறுத்துடா, நிறுத்துடா என்று கத்துகிறேன். என் காதுக்கே கேட்கவில்லை.

தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். "டேய். நோவுதுன்னு சொல்லுடா."

"ஏன் மாமா, நீயே கெடுக்கற?"

"உங்கப்பா கழுத்துல வந்துச்சே. அதுவும் நோவல."

அப்போதுதான் குனிந்து தன் காலை எங்கள் கண்ணால் பார்த்தான். அதுவரைக்கும் அவனுக்கு அது தோன்றவே இல்லை. வெளுத்துப் போனான். பாயைப் பார்த்தான், மைதானத்தைப் பார்த்தான். அவன் மனசு அங்குமிங்கும் ஓடியது எனக்குத் தெரிந்தது: நோகிறது என்றால் இடம் போகும், இடம் போனால் மறுபடி கிடங்கு. உயிர் பயத்தில் நாங்கள் நிற்கிறோம், அவன் இடத்துக்குப் பயந்து நிற்கிறான்.

பாய் எழுந்து போய் மூட்டையிலிருந்து ஒரு பழுப்புச் சட்டையை எடுத்துவந்து அவன் மடியில் போட்டார். "எடம் உன்னுது. ஆடனாலும் உன்னுது, ஆடாட்டியும் உன்னுது. மாலிக்காண்ட நான் பேசிக்கிறேன். இப்ப சொல்லு. அல்லா சத்தியமா சொல்லு."

சட்டையை இரண்டு கையாலும் பிடித்தான். முகம் உடைந்தது. "நோவுது பாய். உயிரு போவுது. ரயில்ல உக்கார முடில. மூச்சப் புடிச்சிகினு இருந்தேன்."

ஒருத்தனுக்கு வலிக்கிறது என்று கேட்டு அத்தனை பேர் சந்தோஷப்பட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கோல்கீப்பர் அவன் தலையில் ஒரு அடி போட்டு அழுதார். "பேமானி, நோவ வெச்சிகினு சிரிக்கிறான் பாரு, சினிமாக்காரன்!"

கறுப்பு எப்படி வந்தது என்றும் தெரிந்தது. கூப்பிட்டனுப்பியதும், கால் கெட்டிப்பட வேண்டும் என்று, ராணிப்பேட்டையில் ஒரு பட்டைக்குழிக்காரனிடம் தண்ணீர் வாங்கிவந்து தினமும் காலை ஊறவைத்திருக்கிறான். எங்கள் டீமில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் நாங்கள் மரத்தொட்டியில் செய்வோம். இவன் சுண்ணாம்புக் குழிக்காரன், தெரியாது. தங்கியிருந்த அறையில் கிடைத்தது இரும்பு வாளி. அவன் கால் நகக்கண்ணைப் பார்த்தேன். எல்லா விரலிலும் மசி.

"பட்டத்தண்ணிய எவனாச்சும் இரும்புல ஊத்துவானாடா? தோலே கறுத்துப் போவும்!" என்று பாய் கத்தினார். கத்துகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கு வரவில்லை. எங்களுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டதே. நிச்சயப்படுத்திக்கொள்ள நான் ஒருதரம் அழுத்தப் போனேன். என் விரல் படுவதற்கு முன்பே கத்திவிட்டான்.

பயத்தில் முந்திக்கொண்டானா, எனக்காகக் கத்தினானா? கறுப்புக்கு இரும்பு வாளி காரணமாக இருக்கலாம்; தடிப்புக்கு? கிடங்கில் இருந்தவன். இரண்டும் சேர்ந்தே இருக்கக்கூடாதா? பாயிடம் காதோடு சொன்னேன். அவர் முகம் மறுபடி வற்றியது. "வேலூருக்கு இட்டுனு போ. இப்பவே." அடுத்த வண்டியையே பிடித்தோம். ஸ்டேஷன்வரைக்கும் டீம் முழுவதும் வந்தது. ரயில் நகரும்போது பாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் மட்டும் ஒன்று சொல்லிவிட்டுக் கையை விட்டார்.

காட்பாடியில் இறங்கி ஜட்கா வண்டியில் வேலூர் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். எங்கே வேலை என்று கேட்டார். கிடங்கு என்றதும் மறுபடி பார்த்தார். வாளிக் கதையைச் சொன்னேன், ஊம் என்றார். இரண்டு நாள் இருக்கட்டும், வீங்குகிறதா பார்க்கலாம், இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார். வழியெல்லாம் நான் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த நம்பிக்கை அந்த "முடியாது"வில் கையை விட்டு நழுவியது.

அவன் பிழைத்துக்கொண்டான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரையும் தவிக்கவிடுவதில் எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அந்த வார்டு வாசலில் நின்றவனுக்கு, அன்றைய எனக்கு, அது தெரியாது. அவன் இன்னும் அங்கேயேதான் நிற்கிறான். எத்தனை தடவை போய்ச் சொன்னாலும் நம்பமாட்டேன் என்கிறான். உள்ளே இருமல், மருந்து நெடி, வெள்ளைத் துணி. கட்டிலில் பழுப்புச் சட்டையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பையன். நர்ஸம்மா, கூட வந்தவர்கள் வெளியே போகலாம் என்றாள். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"மாமா."

"இன்னாடா?"

"வர்ற வெள்ளிக்கி என் எடத்துல யாரு?"

"யாருமில்ல. ரயிலாண்டயே பாய் சொல்லிட்டாரு. பத்து பேரா எறங்கறோம்."

"பத்து பேரா? பைத்தியமா உங்களுக்கு? பூட்ஸ்காரனுங்க மாமா, பொளந்துடுவானுங்க. எடது பக்கம் யாராச்சும் நில்லுங்க."

"நான் பாத்துக்கிறேன். நீ படு."