இளையவனைப் பெற்றவள்

அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து மறுநாள் வகுப்புக்கான பாடத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். நடமாட்டம் ஓய்ந்துபோன அம்மாவுக்கு அது ஒரு துணை. அன்றைய பாடம் பழைய பாரசீகம். மன்னர் இறந்ததும் மூத்த மகன் அரியணை ஏறுகிறான். தாய்க்கோ இளையவன் சைரஸ்மீதுதான் உயிர். அண்ணனைக் கொல்லத் திட்டமிட்டதாக அவனைப் பிடித்தபோது, அரசி ஓடிவந்து தன் கூந்தலை அவன் கழுத்தில் சுற்றி அணைத்துக்கொண்டு, கெஞ்சிக் காப்பாற்றினாள்.

அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அப்பால இன்னாடி ஆச்சு?"

"படை சேத்துக்கினு வந்து அண்ணன்கூடவே சண்டைக்கு நின்னான். அங்கியே செத்துட்டான்மா."

"பெத்தவ?"

"அவ அதுக்கப்புறமும் ரொம்ப நாள் இருந்தா."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கும் ஓர் அண்ணன், ஒரு தம்பி. ஏம்பலத்தில் கரும்பு விவசாயிகள் சங்கத்துக்கு அப்பா பல வருடம் தலைவராக இருந்தார். அவர் போனபின் அண்ணன் தேர்தலில் நின்றார். அவரை எதிர்த்துத் தம்பியை நிறுத்தியது அம்மாதான். அப்பாவின் பேச்சு அவனிடம்தான் இருக்கிறது என்பாள். தம்பி தோற்றான். அண்ணனின் ஆட்கள் எங்கள் வாசலிலேயே பட்டாசு வெடித்தார்கள், அண்ணன் தடுக்கவில்லை. அன்றே தம்பி ஓசூருக்குக் கிளம்பினான். "இனிமே இந்த வூட்ல கால் வெக்க மாட்டேன்" என்றவன் ஏழு வருடம் வரவில்லை.

அம்மா இறந்த அன்றுதான் வந்தான். எங்கள் வழக்கப்படி தாய்க்கு இளைய மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். மழை வருகிறது, மூத்தவனே வைக்கட்டும் என்று உறவினர்கள் அவசரப்படுத்தியும் அண்ணன் அசையவில்லை. "அவன் வரட்டும்" என்று தெருவில் நனைந்துகொண்டே நின்றார். தம்பி மதகடிப்பட்டில் பஸ் இறங்கி ஆட்டோவில் வந்தான். அண்ணன் தீச்சட்டியை நீட்டினார். "உனக்காகத்தான்டா அம்மா காத்துக்கினு இருந்துச்சு." தம்பி அவர் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டான்.

சுடுகாட்டிலிருந்து அவன் வீட்டுக்கு வரவில்லை. நான்தான் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். அவன் தலை இன்னும் ஈரமாக இருந்தது.

"கடைசியா எதனா சொல்லுச்சாக்கா?"

"'நான் சும்மா இருந்திருக்கணும்டி, ரெண்டும் எம் புள்ளைங்கதானே'ன்னுச்சு."

அவன் குமுறி அழுதான். பஸ் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன்கிட்ட..." என்று தொடங்கினான். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள், ஏறிவிட்டான். அதற்குப் பிறகு என் அழைப்பையும் அவன் எடுப்பதில்லை.

வரலாறு நடத்துகிறவள், ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகச் சேர்க்கக்கூடாது. ஆனால் போன வாரமும் அண்ணன் கேட்டார். "பஸ் ஏறும்போது அவன் என்னப் பத்தி எதனா சொன்னானாம்மா?"

"உங்க உடம்பப் பாத்துக்கச் சொன்னாண்ணா" என்றேன்.