சிவப்பு முத்திரை

என் கணவருக்கு இழுப்பு உண்டு. பனிக்காலம் வந்தால் வயலுக்குப் போகவே முடியாது. வில்லியனூர் பக்கம் எங்கள் ஊர். பிரான்சிலிருந்து வந்த உறவினர் ஒருவர், மருந்தை ஆவியாக்கித் தரும் மின்சார இயந்திரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியில் சிவப்பு முத்திரை; நடுவே ஒரே ஒரு பிரெஞ்சுச் சொல்.

"கரண்ட்டு சாமான்டி, ஆஸ்பத்திரில கேட்டுக்கலாம்" என்று அவர் தயங்கினார்.

"பிரெஞ்சுக்காரன் சோதிச்சிப் பார்த்து சீல் குத்தியிருக்கான். இன்னா பயம் உங்களுக்கு?" என்றேன் நான். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் பக்கத்தில் பத்திரமானாலும் பென்ஷன் தாளானாலும், பிரெஞ்சு முத்திரை இருந்தால் மறுபேச்சு கிடையாது.

மூன்றாம் நாள் இயந்திரத்தின் இரும்பு உடம்பில் மின்சாரம் பாய்ந்தது. பிடித்த கையை எடுக்க முடியாமல் என் கணவர் துடித்தார். நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கியதால் உயிர் தப்பியது. கருகிப்போன இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

நலம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, 'ரெஃபுசே'ன்னு இல்ல போட்டிருக்கு? சோதனையில தேறலன்னு தள்ளி வெச்ச சாமான்மா."

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

இப்போதெல்லாம் உடம்புக்கென்று எது வந்தாலும், அதில் எழுதியிருப்பதைத் தெரிந்தவர்களிடம் படிக்கச் சொல்லி, டாக்டரையும் கேட்காமல் பெட்டியைத் திறப்பதில்லை. என் கணவர் இதுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்படும்போது சட்டையை மாட்டிக்கொண்டு என் எதிரே வந்து நிற்பார். பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன்.